சிறு அமைப்புகளுக்கு ஏற்ற பகிர்வு நாள்காட்டி எது? பங்காருபாளையம் மாம்பழப் பருவம் உணர்த்தும் தேவை

பங்காருபாளையம் (ஆந்திரப் பிரதேசம்): சித்தூரிலிருந்து பலமனேர் வழியாகப் பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள பங்காருபாளையம், தோதாபுரி மாம்பழ வணிகத்தின் முக்கிய மையங்களில் ஒன்றாகும். 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் இவ்வூரின் சந்தை நாடு முழுவதும் பேசப்பட்டது. பழத்தின் விலை சரிந்தது. மாம்பழக்கூழ் ஆலைகளின் வாயில்களில் பழம் ஏற்றிய டிராக்டர்கள் நீண்ட வரிசையில் காத்து நின்றன. கிலோவுக்கு 12 ரூபாய் கிடைக்கச் செய்யும் வகையில், ஆலைகள் 8 ரூபாயும் மாநில அரசு 4 ரூபாயும் வழங்கும் என்று அறிவிக்கப்பட்டது. முன்னாள் முதலமைச்சர் ஜெகன் மோகன் ரெட்டி ஜூலை 9ஆம் தேதி இச்சந்தைக்கு வந்தபோது, மாம்பழங்கள் சாலையில் கொட்டப்பட்ட காட்சிகள் வெளியாயின.

விலைச் சரிவை எந்த மென்பொருளாலும் தடுக்க இயலாது. ஆனால், வரிசையில் காத்திருக்கும் நேரம் வேறு வகைப் பிரச்சினை. பறித்த பழம் மரத்தில் இருக்கும் பழம் அல்ல. வெயிலில் நிற்கும் ஒவ்வொரு நாளும் எடையும் தரமும் குறையும். எந்த ஆலை எந்த நாளில் பழம் வாங்குகிறது, எந்தத் தோட்டத்தில் எப்போது பறிப்பு, வண்டி யாருக்கு ஒதுக்கப்பட்டுள்ளது ஆகிய தகவல்கள் ஒருவரின் குறிப்பேட்டிலும், மற்றொருவரின் வாட்ஸ்அப் குழுவிலும், மூன்றாமவரின் நினைவிலும் சிதறிக் கிடந்தால், தேவைக்கு முன்பே பறிப்பு தொடங்கிவிடும் வாய்ப்பு அதிகம். இத்தகவல்களை ஒரே இடத்தில், அனைவரும் பார்க்கும்படி வைப்பதே பகிர்வு நாள்காட்டியின் பணி. அதனைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரு சிறு அமைப்பு கவனிக்க வேண்டியவை எவை என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

யாருக்கு இது தேவை?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் இதற்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. நாடு முழுவதும் 10,000 உழவர் உற்பத்தியாளர் அமைப்புகளை உருவாக்கும் மத்திய அரசின் திட்டம் 2020 பிப்ரவரி 29ஆம் தேதி தொடங்கப்பட்டது. 2027–28ஆம் நிதியாண்டு வரைக்குமான இதன் ஒதுக்கீடு 6,865 கோடி ரூபாய். சமவெளிப் பகுதிகளில் ஓர் அமைப்புக்குக் குறைந்தது 300 உறுப்பினர்கள் தேவை. மூன்று ஆண்டுகளுக்கு நிர்வாகச் செலவாக அதிகபட்சம் 18 லட்சம் ரூபாய் வழங்கப்படுகிறது. அதாவது, நூற்றுக்கணக்கான உறுப்பினர்களைக் கொண்ட ஓர் அமைப்பை, ஒரு தலைமைச் செயல் அலுவலரும் ஒரு கணக்கரும் ஏறத்தாழத் தனியாக நடத்த வேண்டிய நிலை.

இவ்வமைப்பு கம்பெனிகள் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டிருந்தால், சட்டம் விதிக்கும் நாள்களே பல உள்ளன. இயக்குநர் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும், ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறையும் கூட வேண்டும். அதற்குப் பொதுவாக 7 நாள் முன்னறிவிப்பு தேவை. ஆண்டுப் பொதுக்குழுவுக்கு 14 நாள் முன்னறிவிப்பு தேவை. சரக்கு மற்றும் சேவை வரிக் கணக்கை மாதந்தோறும் அளிப்பவர்களுக்கு 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் வழக்கமான இறுதி நாள்கள்.

இவற்றுடன் பயிருக்குரிய நாள்களும் சேர்கின்றன. பூச்சிமருந்தின் கடைசித் தெளிப்புக்கும் அறுவடைக்கும் இடையே, அம்மருந்துக்கென வரையறுக்கப்பட்ட இடைவெளி இருக்க வேண்டும். ஏற்றுமதிக்குச் செல்லும் பழக்கூழில் மருந்து எச்சம் அளவை மீறினால் சரக்கு நிராகரிக்கப்படலாம். தெளித்த நாளை நாள்காட்டியில் பதிந்து, பறிப்புக்கு உகந்த முதல் நாளையும் அதனுடன் குறித்துவைப்பது, நினைவை மட்டும் நம்புவதைவிடப் பாதுகாப்பானது.

நாள்காட்டி செய்யாத வேலை

மென்பொருளைத் தேடும் முன், அதன் எல்லையை அறிதல் நல்லது. நாள்காட்டி நேரத்தை அறியும், எடையை அறியாது. ஓர் ஆலை ஒரு நாளில் 20 டன் மட்டுமே ஏற்கும் என்று வைத்துக்கொண்டால், அந்நாளில் ஐந்து உறுப்பினர்களின் பெயரில் 30 டன் பதிவானாலும் சாதாரண நாள்காட்டி எச்சரிக்கை எதையும் தராது. அளவைக் கூட்டிப் பார்ப்பது விரிதாளின் வேலை. எனவே, டோக்கன் ஒதுக்கீட்டுக் கணக்கை விரிதாளில் வைத்து, உறுதியான நாளையும் நேரத்தையும் மட்டும் நாள்காட்டியில் ஏற்றுவதே பொருத்தமானது.

அதேபோல், ஒரே வண்டியை ஒரே நேரத்தில் இருவர் பதிவு செய்வதைக் கட்டணமில்லாத் தனிநபர் நாள்காட்டிகள் தாமாகத் தடுப்பதில்லை. நிறுவனங்களுக்கான கட்டணச் சேவைகளில், கூட்ட அறை அல்லது வாகனத்தைத் தனி வளமாகப் பதிந்து, இரண்டாவது கோரிக்கை தானாகவே மறுக்கப்படும்படி அமைக்கும் வசதி உண்டு. ஒரேயொரு தெளிப்பான் இயந்திரமும் ஒரு வண்டியும் உள்ள அமைப்பு இதற்காகக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. வண்டிக்கெனத் தனி நாள்காட்டி ஒன்றைத் திறந்து, அதில் எழுதும் உரிமையை ஒருவரிடம் மட்டும் ஒப்படைத்தால் போதும்.

முதல் கேள்வி: எழுதுபவர் யார், பார்ப்பவர் யார்?

மென்பொருளின் பெயரைவிட இக்கேள்வியே முக்கியமானது. 300 பேரும் திருத்தக்கூடிய நாள்காட்டியில், தவறுதலாக ஒருவர் அழித்த பதிவு அனைவரின் திரையிலிருந்தும் மறைந்துவிடும். யாருமே திருத்த முடியாத நாள்காட்டியோ இரண்டே வாரங்களில் பழையதாகிவிடும்.

பெரும்பாலான மென்பொருள்கள் இதற்கெனப் படிநிலைகளை வைத்துள்ளன. எடுத்துக்காட்டாக, கூகுள் காலண்டரில் நான்கு நிலைகள் உள்ளன: ஒருவர் அந்த நேரத்தில் ஓய்வாக உள்ளாரா என்பதை மட்டும் பார்த்தல், பதிவின் முழு விவரங்களையும் பார்த்தல், பதிவுகளைத் திருத்துதல், திருத்துவதுடன் பிறருக்குப் பகிரும் உரிமையையும் நிர்வகித்தல். ஓர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் கடைசி உரிமை இருவருக்கும், திருத்தும் உரிமை நான்கைந்து பேருக்கும், பார்க்கும் உரிமை மற்ற உறுப்பினர்களுக்கும் என்று பிரிப்பது நடைமுறைக்கு ஏற்றது.

கட்டணத்தையும் இப்பிரிவே தீர்மானிக்கிறது. நிறுவனச் சேவைகள் பெரும்பாலும் பயனர் ஒருவருக்கு மாதம் இவ்வளவு என்று வசூலிக்கின்றன. 300 உறுப்பினர்களுக்கும் கணக்கு வாங்குவது தேவையற்ற செலவு. எழுதும் உரிமை உள்ள ஐந்து அல்லது ஆறு பேருக்கு மட்டும் கணக்கு பெற்று, மற்றவர்களுக்கு இணைப்பு வழியாகக் காட்டுவது போதுமானது.

இரண்டாவது கேள்வி: கணக்கு யாருடையது?

சிறு அமைப்புகளில் பெரும்பாலும் ஆர்வமுள்ள ஒருவர் தமது சொந்த மின்னஞ்சலில் நாள்காட்டியைத் தொடங்குவார். அவர் வேலையை விட்டுச் செல்லும்போது நாள்காட்டியும் அவருடன் சென்றுவிடும். கைப்பேசி எண் மாறி, கடவுச்சொல்லும் மறந்துபோனால், அதை மீட்பது கடினம்.

இதில் மற்றொரு விதியும் உண்டு. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கும் கொள்கையைக் கூகுள் 2023ஆம் ஆண்டு அறிவித்து, அவ்வாண்டு டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தியது. அமைப்பின் பெயரில் தனி மின்னஞ்சல் கணக்கைத் தொடங்குவது, மீட்பு எண்ணாக அலுவலகக் கைப்பேசியைக் கொடுப்பது, நிர்வகிக்கும் உரிமையை இரண்டாவது நபருக்கும் வழங்குவது, கடவுச்சொல்லை மூடிய உறையில் இயக்குநர் குழுவிடம் ஒப்படைப்பது ஆகியவை செலவில்லாத முன்னெச்சரிக்கைகளாகும்.

நான்கு வழிகள்

முதலாவது, கூகுள் காலண்டர். 2006ஆம் ஆண்டு வெளியான இச்சேவை, ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருப்போருக்கு எளிதாகக் கிடைக்கிறது. தமிழ், தெலுங்கு இடைமுகங்களும் உள்ளன. உறுப்பினர்கள் புதிதாக எதையும் கற்க வேண்டியதில்லை என்பதே இதன் பெரிய பலம். பதிவு பெற்ற தொண்டு அமைப்புகளுக்கு, சரிபார்ப்புக்குப் பின் நிறுவன வசதிகளைக் கட்டணமின்றி வழங்கும் திட்டமும் உண்டு. அறக்கட்டளைகளும் சங்கங்களும் இதற்கு விண்ணப்பித்துப் பார்க்கலாம். வணிகம் செய்து உறுப்பினர்களுக்கு ஆதாயம் பகிரும் உற்பத்தியாளர் நிறுவனம் இச்சலுகையை எதிர்பார்க்க இயலாது.

இரண்டாவது, மைக்ரோசாப்ட் அவுட்லுக். அலுவலகத்தில் ஏற்கெனவே வேர்டு, எக்செல் ஆகியவற்றுக்கு ஆண்டுச் சந்தா செலுத்தி வருவோருக்கு, நாள்காட்டி அதனுடனேயே கிடைக்கிறது. புதிய செலவு இல்லை. ஆனால் தோட்டத்தில் நிற்கும் உறுப்பினர் தமது கைப்பேசியில் தனியாக ஒரு செயலியை நிறுவ வேண்டியிருக்கும்.

மூன்றாவது, ஜோஹோ காலண்டர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு, தென்காசி அருகே மத்தளம்பாறையிலும் அலுவலகம் நடத்தும் ஜோஹோ நிறுவனத்தின் சேவை இது. இந்தியப் பயனர்களின் தரவு இந்தியாவிலேயே உள்ள தரவு மையங்களில் வைக்கப்படுகிறது. ஜோஹோவின் அலுவலகச் செயலிகளுக்கு மாறுவதாக 2025 செப்டம்பரில் மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவும், ஜோஹோ மின்னஞ்சலுக்கு மாறியதாக அக்டோபரில் உள்துறை அமைச்சர் அமித் ஷாவும் அறிவித்ததைத் தொடர்ந்து இந்நிறுவனச் சேவைகள் மீது கவனம் கூடியது. எனினும், அமைச்சர்கள் பயன்படுத்துகிறார்கள் என்பதற்காக ஒரு மென்பொருள் சிறு அமைப்புக்குப் பொருந்திவிடாது. கணக்குப் பதிவு, விலைப்பட்டியல் ஆகியவற்றுக்கு ஏற்கெனவே ஜோஹோவைப் பயன்படுத்தும் அமைப்புக்கு இது இயல்பான தேர்வு.

நான்காவது, நெக்ஸ்ட்கிளவுட் போன்ற திறந்தமூல மென்பொருள். 2016ஆம் ஆண்டு ஜெர்மனியில் தொடங்கப்பட்ட இதனைச் சொந்த வழங்கியில் நிறுவிக்கொள்ளலாம். உரிமக் கட்டணம் இல்லை. தரவு முழுவதும் அமைப்பின் கையில் இருக்கும். ஆனால் வழங்கியின் வாடகை, பாதுகாப்புப் புதுப்பிப்பு, காப்பு நகல் எடுத்தல் ஆகிய பொறுப்புகளும் அமைப்பின் தலைமேல் விழும். இதைக் கவனிக்கத் தெரிந்த ஒருவர் நிரந்தரமாக இல்லாத இடத்தில், பருவத்தின் நடுவே வழங்கி நின்றுபோனால் நாள்காட்டியும் நின்றுபோகும்.

கட்டணமில்லாத் திட்டங்களின் எல்லைகளை நிறுவனங்கள் அவ்வப்போது மாற்றுகின்றன. ஆகவே, முடிவெடுக்கும் நாளில் நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள விலைப்பட்டியலை நேரில் சரிபார்ப்பது அவசியம்.

வெளியேறும் வழி இருக்கிறதா?

ஒரு சேவைக்குள் நுழைவது எளிது. வெளியேற முடியுமா என்பதையும் முன்கூட்டியே பார்க்க வேண்டும். கைப்பேசிகளில் பரவலாகப் பாராட்டப்பட்ட சன்ரைஸ் என்னும் நாள்காட்டிச் செயலியை 2015ஆம் ஆண்டு மைக்ரோசாப்ட் வாங்கியது. அடுத்த ஆண்டே அச்செயலி மூடப்பட்டது. அதன் பயனர்கள் வேறு இடம் தேட நேர்ந்தது.

இத்தகைய நிலையில் உதவுவது பொதுத் தரநிலை. வெவ்வேறு நாள்காட்டிகள் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கான ஐகேலண்டர் தரநிலை 1998ஆம் ஆண்டு வெளியிடப்பட்டு, 2009ஆம் ஆண்டு புதுப்பிக்கப்பட்டது. இதன் கோப்புகள் ஐசிஎஸ் என்று முடியும். ஒரு மென்பொருளிலிருந்து ஏற்றுமதி செய்த ஐசிஎஸ் கோப்பை மற்றொன்றில் இறக்குமதி செய்யலாம். வழங்கியுடன் நேரடியாக ஒத்திசைவதற்கான கால்டேவ் நெறிமுறை 2007ஆம் ஆண்டு வந்தது. இவ்விரண்டும் இல்லாத மென்பொருளைச் சிறு அமைப்புகள் தவிர்ப்பது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. ஐசிஎஸ் இணைப்பு வழியாக ஒரு நாள்காட்டியை வேறு மென்பொருளில் சேர்த்துப் பார்ப்போருக்கு, மாற்றங்கள் உடனே தெரியாது. புதுப்பிக்கப்படப் பல மணி நேரம் ஆகலாம். பொதுக்குழு நாளுக்கு அது போதும். காலையில் ஆலை அறிவித்த மாற்றம் மாலையில் தெரிந்தால், அதற்குள் பறிப்பு முடிந்திருக்கும். ஆகவே, அன்றாடம் மாறும் தகவலைப் பார்க்க வேண்டியவர்கள் ஒரே மென்பொருளில் நேரடிப் பகிர்வு பெற்றிருக்க வேண்டும்.

திறன்பேசி இல்லாத உறுப்பினர்

மென்பொருள் விளம்பரங்களில் இடம்பெறாத கேள்வி இது. முன்பு கூகுள் காலண்டர் குறுஞ்செய்தி வழியாகவும் நினைவூட்டல் அனுப்பி வந்தது. 2019 ஜனவரியில் அவ்வசதி நிறுத்தப்பட்டது. பட்டன் போன் வைத்திருக்கும் உறுப்பினரை இன்று அந்நாள்காட்டி தானாகச் சென்றடைவதில்லை. மொத்தமாகக் குறுஞ்செய்தி அனுப்ப விரும்பும் அமைப்பு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிகளின்படி, அனுப்புநர் பெயரையும் செய்தியின் வார்ப்பையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால், பருவம் தொடங்கும் முன்பே அதைச் செய்து முடிக்க வேண்டும்.

எளிய மாற்று வழியும் உண்டு. ஊருக்கு ஒருவர் என்று பொறுப்பாளரை நியமித்து, வாரந்தோறும் நாள்காட்டியின் வாரப் பக்கத்தை அச்சிட்டு, கொள்முதல் நிலையத்தின் சுவரில் ஒட்டலாம். அன்றாட மாற்றங்களைப் பொறுப்பாளர் தொலைபேசியில் தெரிவிக்கலாம். வாட்ஸ்அப் குழுவும் உதவும். ஆனால் அதில் வந்த செய்தி அடுத்த நாற்பது செய்திகளுக்குக் கீழே புதைந்துவிடும். செய்தியைக் கொண்டு சேர்ப்பது வாட்ஸ்அப். சர்ச்சை எழுந்தால் எடுத்துப் பார்க்க வேண்டிய பதிவேடு நாள்காட்டி. இரண்டும் முரண்பட்டால் நாள்காட்டியில் உள்ளதே செல்லும் என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

பஞ்சாங்கமும் நேர வேறுபாடும்

சித்தூர் மாவட்டம் தமிழ்நாடு, கர்நாடகம் ஆகிய இரு மாநிலங்களின் எல்லையில் உள்ளது. சூரிய நாள்காட்டியைப் பின்பற்றும் தமிழ்ப் புத்தாண்டு, ஆண்டுதோறும் ஏப்ரல் 14ஆம் தேதியையொட்டியே வருகிறது. சந்திர நாள்காட்டியைப் பின்பற்றும் உகாதி 2025ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் தேதியும், 2026ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் தேதியும் வந்தது. உகாதியை ‘ஆண்டுதோறும் மீண்டும்’ என்று பதிந்தால், அடுத்த ஆண்டு தவறான நாளைக் காட்டும். பிற நாட்காட்டி முறைகளில் மீள்நிகழ்வைப் பதிவதற்கான தரநிலை 2015ஆம் ஆண்டே வெளியானாலும், அதை ஏற்கும் மென்பொருள்கள் குறைவு. திருவிழா, அமாவாசை, கூலியாள்கள் வராத நாள்கள் ஆகியவற்றை ஆண்டுத் தொடக்கத்தில் பஞ்சாங்கத்தைப் பார்த்துக் கையால் பதிவதே நம்பகமான வழி.

வெளிநாட்டு வணிகர்களுடன் பேசும் அமைப்பு நேர வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். இந்திய நேரம் பிற்பகல் 3 மணி என்பது துபாயில் 1.30 மணி, நெதர்லாந்தில் கோடையில் முற்பகல் 11.30, குளிர்காலத்தில் 10.30. பதிவின் நேர மண்டலம் இந்தியா என்று சரியாக அமைக்கப்பட்டிருந்தால், எதிர்த் தரப்பின் திரையில் அவர்களின் நேரம் தானாகவே தோன்றும்.

தனியுரிமை

நாள்காட்டியை அனைவருக்கும் காட்டுவதற்குச் சுலபமான வழி, அதனைப் ‘பொது’ என்று மாற்றுவது. ஆனால் அப்போது அது உறுப்பினர்களுக்கு மட்டுமன்றி இணையம் முழுவதற்கும் திறந்துவிடுகிறது. இவ்வாறு திறந்து விடப்பட்ட நாள்காட்டிகளில் நிறுவனங்களின் உள்விவரங்கள் வெளியே தெரிவதாக 2019ஆம் ஆண்டு இந்தியப் பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர் எச்சரித்தார்.

ஓர் உறுப்பினர் எந்த நாளில் எத்தனை டன் விற்கிறார் என்பது வணிகத் தகவல். அவர் கையில் எப்போது பணம் வரும் என்பதையும் அது காட்டிக்கொடுக்கும். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதங்களுக்குப் பின் நடைமுறைக்கு வருகின்றன. ஆகவே, பொது நாள்காட்டியில் கூட்டம், பயிற்சி, ஆலை இயங்கும் நாள் ஆகியவை மட்டும் இருக்கட்டும். உறுப்பினரின் பெயர், கைப்பேசி எண், எடை ஆகியவை உள் நாள்காட்டியில் அல்லது விரிதாளில் இருப்பதே முறை.

முடிவெடுக்கும் முறை

தேர்வைச் சுருக்கமாக இவ்வாறு கூறலாம். உறுப்பினர்களின் கையில் ஏற்கெனவே உள்ள கைப்பேசியில் எது எளிதாக இயங்குகிறதோ, அதையே முதலில் சோதிக்க வேண்டும். அலுவலகம் ஏற்கெனவே ஏதேனும் ஒரு நிறுவனத்துக்குச் சந்தா செலுத்தி வந்தால், அதன் நாள்காட்டியை இரண்டாவதாகப் பார்க்கலாம். தரவு உள்நாட்டில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனையானால், அதற்கேற்ற சேவையை நாடலாம். வழங்கியைப் பராமரிக்க ஆள் இருந்தால் மட்டுமே திறந்தமூல மென்பொருளைச் சொந்தமாக நிறுவ வேண்டும். எதைத் தேர்ந்தாலும் ஐசிஎஸ் ஏற்றுமதி வேலை செய்கிறதா என்பதை முதல் வாரத்திலேயே சோதித்து, மாதம் ஒருமுறை நகல் எடுத்து வைக்க வேண்டும்.

சோதனைக்கு ஏற்ற காலமும் உண்டு. தோதாபுரி அறுவடை உச்சம் பெறும் ஜூன், ஜூலை மாதங்களில் புதிய முறையைத் தொடங்கினால், யாருக்கும் கற்க நேரமிருக்காது. மாமரங்கள் பூக்கும் குளிர்காலத்தில், இயக்குநர் குழுக் கூட்டம், வரி நாள்கள், மருந்துத் தெளிப்பு ஆகிய மூன்றை மட்டும் பதிந்து தொடங்கலாம். அக்காலத்தில் ஒரு பதிவு தவறினால் ஒரு கூட்டம் தள்ளிப்போகும், அவ்வளவே. ஜூன் மாதத்தில் தவறினால், ஒரு டிராக்டர் பழம் ஆலை வாயிலில் நிற்கும்.